அந்தக் காலை எடுங்க பாஸ்!

இந்தப் பதிவு ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்தது. எழுதலாம்னு உட்காருவேன், நாலு வரி எழுதுவேன், மச்சானோட கால் ஞாபகம் வரும், மூடி வெச்சிடுவேன். போன வாரம் அம்பத்தூர் ஓ.டி. சிக்னல்ல ஒரு காட்சியைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல.

நின்னு போன ஒரு பைக். அதுல ஒரு பையன், பின்னாடி ஒரு அம்மா, மடியில குழந்தை. பக்கத்துல இன்னொரு பைக்ல இன்னொரு பையன். அவன் இடது காலை நீட்டி, நின்னு போன வண்டியோட பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட்டை மிதிச்சுத் தள்ளிக்கிட்டே போறான். மொத்தம் நாலு உயிர், ஓடுற என்ஜின் ஒண்ணு. எங்க ஏரியாவுல இதுக்கு 'டோ அடிக்கிறது'ன்னு பேரு. உங்க ஊர்ல என்ன பேரோ தெரியாது, ஆனா பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. நீங்களும் அடிச்சிருப்பீங்க. நானும் அடிச்சவன்தான், அடி வாங்கினவனும்தான். அதனால இது உபதேசம் இல்ல மக்களே, வாக்குமூலம்.

கொசுவத்தி சுத்திக்கலாமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகள்ல சென்னையில கொட்டித் தீர்த்துட்டு 5-ஆம் தேதி ஆந்திராவுல பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. அம்பத்தூர் எஸ்டேட் உள்ள தண்ணி நின்ன கதை எல்லாருக்கும் தெரியும். எங்க தெருவும் தப்பிக்கல. கீழ் வீட்டுல நிறுத்தியிருந்த அப்பாவோட ஸ்ப்ளெண்டர் டேங்க் வரைக்கும் முழுகிடுச்சு. அது அப்பா 2001-ல வாங்கின வண்டி. அவர் போய் வருஷமாச்சு, வண்டி மட்டும் இருக்கு. வீட்டுல அதை வண்டின்னு யாரும் சொல்றதில்ல. 'அப்பாவை உள்ள நிறுத்திட்டியா?'ன்னுதான் அம்மா கேப்பாங்க. அவ்ளோதான் விஷயம், புரிஞ்சிருக்கும்.

தண்ணி வடிஞ்சதும் ஆவடியில இருக்கிற மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன். அப்பா காலத்துல இருந்து அவர்தான் பார்க்கிறார்.

"தம்பி, சாவியே போடாதீங்க. கிக்கரும் உதைக்காதீங்க. உள்ள தண்ணி இருந்தா பிஸ்டன் மேல வரும்போது தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடு வளைஞ்சிரும். அப்படியே எடுத்துட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

இது நீங்களும் குறிச்சு வெச்சுக்க வேண்டிய விஷயம். முழுகின வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற ஆசைதான் வெள்ளத்தைவிடப் பெரிய எதிரி. வெள்ள சேதத்துக்குக் காப்பீடு இருந்தாக்கூட, தண்ணியோட ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போச்சுன்னா அது 'பின்விளைவு சேதம்'னு ஒதுக்கிடுவாங்க. (மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு எதுவுமே கிடைக்காது, அது தனி சோகம்.)

சரி, எடுத்துட்டுப் போகணும். அம்பத்தூர்ல இருந்து ஆவடி. சி.டி.எச். ரோட்டுல எட்டு கிலோமீட்டர் இருக்கும். குட்டி யானைக்காரர்கிட்ட கேட்டேன். 1,200 ரூபாய் கேட்டார். வெள்ள நேரம், அவருக்கும் டிமாண்டு. எனக்கு வயிறு எரிஞ்சது. எட்டு கிலோமீட்டருக்கு 1,200-ஆ! பக்கத்துல நின்ன மச்சான், தங்கமணியோட தம்பி, சிரிச்சான்.

"மாமா, எதுக்கு தண்டச் செலவு? நீங்க உக்காருங்க. நான் டோ அடிச்சே கொண்டு போய் விட்டுடறேன். அரை மணி நேரம்."

உணவு டெலிவரி பண்ற பையன். நாள் முழுக்க வண்டியிலயே வாழ்றவன். நானும் உக்காந்துட்டேன். தங்கமணி மட்டும் வாசல்ல நின்னு, "ரோடெல்லாம் பள்ளமா கிடக்குது"ன்னாங்க. எந்தக் காலத்துல நாம அதைக் கேட்டோம்?

திருமுல்லைவாயல் தாண்டற வரைக்கும் ஜாலியாத்தான் போச்சு. நான் ரோட்டோரம், அவன் எனக்கு வலது பக்கம், அதாவது நடு ரோட்டுப் பக்கம். அவன் இடது கால் என் வண்டியோட பின் ஃபுட்ரெஸ்ட்ல. ஒரு இடத்துல தண்ணி தேங்கி நின்னது. தண்ணின்னு நினைச்சேன், பள்ளம். என் பின்சக்கரம் சட்டுனு இறங்கிச்சு. அவன் கால் வழுக்கி என் சைலன்சருக்கும் அவன் வண்டி க்ராஷ் கார்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு வண்டியும் ஒண்ணா சாஞ்சது, அவன் கால் மேலயே.

பின்னாடி வந்த பஸ் டிரைவர் நல்லா இடைவெளி விட்டு வந்ததால நிறுத்திட்டார். அந்த மனுஷனுக்கு நான் இன்னிக்கும் கடன்பட்டிருக்கேன். இல்லேன்னா இந்தப் பதிவே இல்ல.

கணுக்கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிவு. தகடு வெச்சு ஸ்க்ரூ போட்டாங்க. நாலு மாசம் வேலை இல்ல. டெலிவரி பையனுக்கு லீவு சம்பளமா கொடுக்கப் போறாங்க? மருத்துவச் செலவு, அவன் வீட்டு வாடகை, வண்டிக் கடன் தவணை எல்லாம் சேர்த்தா லட்சத்தைத் தாண்டிச்சு. 1,200 ரூபாய் அதிகம்னு நினைச்சவன் நான். சொந்தச் செலவில் சூனியம்னு நாம கிண்டலா எழுதுவோமே, அது இதுதான். என் கேஸ்ல செலவு என்னோடது, சூனியம் அவனுக்கு.

இப்போ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டோ அடிக்கிறது ஏன் ஆபத்து? 'கவனமா அடிச்சா ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றவங்களுக்காக.

நம்ம ஊர் பைக்ல வலது காலுக்கு பின் பிரேக், இடது காலுக்கு கியர். தள்ளுறவன் வலது காலை நீட்டினா பின் பிரேக் போச்சு. இடது காலை நீட்டினா கியர் மாத்த முடியாது. எப்படிப் பார்த்தாலும் அவன் பாதி வண்டியைத்தான் ஓட்டுறான். அடுத்தது, அவன் தள்ளுறது வண்டிக்கு நடுவுல இல்ல, ஒரு ஓரத்துல. அதனால முன்னாடி வண்டி எப்பவும் ஒரு பக்கமா திரும்பப் பார்க்கும். உக்காந்திருக்கிறவன் ஹேண்டிலைப் பிடிச்சு அதை எதிர்த்துக்கிட்டே இருக்கணும். ரெண்டு வண்டி ஒட்டிப் போகும்போது ஒரு ஆட்டோ அகலத்துக்கு இடம் வேணும், ஆனா பின்னாடி வர்றவன் கண்ணுக்கு அது ஒரு பைக்தான். கடைசியா, ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கிற கப்ளிங் என்ன தெரியுமா? ஒரு மனுஷனோட கணுக்கால். லாரிக்கு இரும்புல போடுறதை நாம எலும்புல போட்டிருக்கோம்.

"அப்போ கயிறு கட்டி இழுக்கலாமே?" அது இன்னும் மோசம். காருக்கு நாலு சக்கரம் இருக்கு, கயிறு தளர்ந்து இறுகினாலும் அது நிக்கும். பைக் அப்படி இல்ல. கயிறு தளர்ந்துட்டு வெடுக்குனு இழுக்கும்போது ஹேண்டில் திரும்பிடும். தளர்ந்த கயிறு முன்சக்கரத்துல சுத்திக்கிச்சுன்னா ஆள் பறந்துடுவான். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துல, வேற வழியே இல்லாம இழுக்க வேண்டி வந்தா, இழுபடுற வண்டியில கயித்தை முடிச்சு போட்டுக் கட்டவே கூடாதுன்னு அனுபவஸ்தர்கள் சொல்வாங்க. இடது ஃபுட்ரெஸ்ட்ல ஒரு சுத்து சுத்தி, நுனியை ஷூவுக்குக் கீழ மிதிச்சுக்கணும். ஏதாவது தப்பாச்சுன்னா காலைத் தூக்கினா போதும், கயிறு தானா விட்டுடும். அதுவும் நடந்து போற வேகத்துல, ஊர் வர்ற வரைக்கும்தான். சி.டி.எச். ரோட்டுல இல்ல சாமி.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தேடிப் பார்த்தேன். 1989-ல வந்த சாலை ஒழுங்குமுறைகள்ல இழுத்துட்டுப் போற வண்டிக்குன்னே ஒரு பிரிவு இருந்தது. ரெண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல போகக் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறு மத்தவங்க கண்ணுக்குத் தெளிவாத் தெரியணும். பின்னாடி வண்டியில வெள்ளைப் பலகையில 75 மில்லிமீட்டர் உயர கறுப்பு எழுத்துல 'ஆன் டோ'ன்னு எழுதி மாட்டணும். 2017-ல புது ஒழுங்குமுறைகள் வந்து அந்தப் பழசோட இடத்தைப் பிடிச்சது. ஆனா அந்தப் பழைய விதியில இருக்கிற பயத்தைக் கவனிங்க. நாலு சக்கர வண்டியைக் கயித்துல இழுக்கிறதுக்கே இவ்ளோ கவலைப்பட்டிருக்காங்க. கணுக்காலால தள்ளுறதை அவங்க கனவுல கூட நினைச்சிருக்க மாட்டாங்க.

சரி, கதைக்கு வர்றேன். மச்சானை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, சாயங்காலம் ரோட்டோரம் கிடந்த அப்பா வண்டியை எடுக்கப் போனேன். இப்போ பேரம் பேசல. வந்த குட்டி யானையில நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏத்தினோம். ஒருத்தர் சைலன்சரைப் பிடிச்சார், ஒருத்தர் மட்கார்டைப் பிடிச்சார். சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பழைய சைக்கிள் டியூபால ஹேண்டிலை பக்கவாட்டு கம்பியோட ஒரு கட்டு. கிளம்பியாச்சு. ஆவடி போற வழியில ஒரு யு-டர்ன். டமார்! டேங்க்ல பள்ளம், பிரேக் லிவர் ரெண்டு துண்டு. ஒரே நாள்ல ரெண்டாவது தடவை அப்பா விழுந்தார். டிரைவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கும் கட்டத் தெரியல, எனக்கும் தெரியல. காய்கறி மூட்டையையும் பீரோவையும் கட்டுற மாதிரியே கட்டினோம்.

மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டல. டீ வாங்கிக் கொடுத்துட்டு ஒண்ணு சொன்னார்.

"தம்பி, மாட்டைக் கட்டினா அது கொஞ்சம் நகரலாம். வண்டியைக் கட்டினா நகரவே கூடாது. நீங்க மாடு கட்டியிருக்கீங்க."

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வர்ற வழியில எனக்கு ஒண்ணு தோணுச்சு. நாங்க இருக்கிறது எந்த ஊர்? ஆவடி. கனரக வாகனத் தொழிற்சாலையில டாங்கி செய்யற ஊர். 1965-ல விஜயந்தா டாங்கி இங்கதான் உருவாச்சு. 46 டன் எடை இருக்கிற டி-90 டாங்கியை ரயில் வேகன்ல ஏத்தினாக்கூட 'இவ்ளோ வெயிட்டு, எங்க போயிடப் போகுது'ன்னு சும்மா விட்டுட மாட்டாங்க. கட்டை அடைச்சு, இழுத்துக் கட்டித்தான் அனுப்புவாங்க. இந்தப் பக்கம் பூந்தமல்லி ரோட்டுல நின்னு பாருங்க. ஒரகடம், வல்லம் பக்கத்து ஃபேக்டரிகள்ல இருந்து புது பைக்குகளை அடுக்கிட்டு கண்டெய்னர் லாரிகள் போகும். உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் முன்சக்கரத்துக்கு ஒரு இடம், தனித்தனிக் கட்டு. ஷோரூம் போற வரைக்கும் வண்டிக்கு ராஜ மரியாதை. நம்ம கைக்கு வந்து, பழசாகி, ஒரு நாள் நின்னு போனா மட்டும் காலால உதை. என்ன நியாயம் இது?

அதனால கத்துக்கிட்டேன். அண்ணன் சொல்லிக் கொடுத்தது, நானே செஞ்சு பார்த்தது ரெண்டையும் இங்க எழுதி வெக்கிறேன். யாருக்காவது ஒரு நாள் உதவும்.

முதல்ல ஏத்துறது. தூக்காதீங்க, உருட்டுங்க. ஸ்ப்ளெண்டர் 110 கிலோவுக்கு மேல. புல்லட்னா 195 கிலோ. இதைத் தூக்கினா நம்ம இடுப்புதான் மெக்கானிக்கிட்ட போகணும். ஒரு அடி அகலத்துல நல்ல கெட்டியான பலகை ஒண்ணு, ஆறேழு அடி நீளம் இருந்தா நல்லது. பலகை நீளமா இருந்தா சரிவு குறையும். குட்டி யானையை ஏதாவது மேடு இல்ல நடைமேடை பக்கமா பின்னாடி வரச் சொன்னா பாதி வேலை முடிஞ்சது. பலகை நழுவாம இருக்க வண்டியோட சேர்த்துக் கட்டிடணும். ஒருத்தர் இடது பக்கமா நின்னு ஹேண்டிலைப் பிடிக்கணும், விரல் முன் பிரேக் மேலயே இருக்கணும். ரெண்டு பேர் பின்னாடி இருந்து தள்ளணும். என்ஜின் போட்டு கிளட்ச்ல ஏத்துற வீரம் வேண்டாம். வண்டி சாஞ்சா விழற பக்கத்துல குழந்தை, குட்டி, வேடிக்கை பார்க்கிற தாத்தா யாரும் நிக்கக் கூடாது.

அடுத்தது நிறுத்துறது. இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். சைடு ஸ்டாண்டும் வேண்டாம், சென்டர் ஸ்டாண்டும் வேண்டாம். வண்டி ரெண்டு டயர்லயும் நேரா நிக்கணும். ஸ்டாண்டுல நிறுத்தினா ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டி எழும்பி ஸ்டாண்டு மேலயே இடிக்கும். ஸ்டாண்டு வளையும், இல்ல வண்டி தாண்டி விழும். முன்சக்கரத்தை டிரைவர் கேபினுக்குப் பின்னாடி இருக்கிற சுவர்ல முட்டி நிறுத்தணும். திடீர்னு பிரேக் அடிச்சா வண்டி முன்னாடிதான் போகப் பார்க்கும், போக இடம் இருக்கக் கூடாது. குட்டி யானையோட தளம் சுமார் ஏழடி நீளம், அஞ்சடிக்குக் கொஞ்சம் கம்மியான அகலம். ஸ்ப்ளெண்டர் நேரா நிக்கும். புல்லட் மாதிரி நீள வண்டியை கொஞ்சம் குறுக்கா நிறுத்தணும். முதல் கியர்ல போட்டுடணும். பெட்ரோல் காக் இருக்கிற வண்டின்னா மூடிடணும்.

அப்புறம் கட்டுறது. டியூப் வேண்டவே வேண்டாம். டியூபுக்கு குணமே இழுபடறதுதான். டிபன் கேரியர் கட்ட அது நல்லது, வண்டி கட்ட ஆகாது. நைலான் கயிறும் நனைஞ்சா இழுபடும். ராட்செட் பெல்ட்னு கேட்டா கடையில கொடுப்பாங்க. லிவரை ஆட்ட ஆட்ட இறுகும், தானா தளராது. நாலு வேணும். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. முன் பெல்ட்டை ஹேண்டில் நுனியில கட்டாதீங்க. ஹேண்டில் திரும்பும், கேபிள் நசுங்கும். ரெண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கிற அந்தக் கீழ்த் தட்டுல மாட்டி, முன்னாடியும் கீழயும் பக்கவாட்டுலயும் இழுக்கணும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்கணும். ஃபோர்க் பாதி அளவு அமுங்கினதும் நிறுத்திடணும். முழுசா அமுக்கினா ஆயில் சீல் போயிடும். அமுக்காமலே விட்டா பள்ளத்துல வண்டி இறங்கி பெல்ட் தளர்ந்துடும். பின் பெல்ட்டை சேசிஸ்ல உறுதியான இடத்துல மாட்டணும். இண்டிகேட்டர், சைலன்சர், பிளாஸ்டிக் எதுலயும் மாட்டக் கூடாது. பெல்ட் உரசுற இடத்துல பழைய துணி வைங்க. முன் பிரேக் லிவரை ஒரு ரப்பர்ல இழுத்துக் கட்டிடுங்க. அந்தப் பழைய டியூபுக்கு இங்க ஒரு வேலை கொடுக்கலாம் :-)

கட்டி முடிச்சதும் வண்டியைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பைக் மட்டும் ஆடினா கட்டு சரியில்ல. குட்டி யானையே சேர்ந்து ஆடணும். அதுதான் பரீட்சை. அப்புறம் ரொம்ப முக்கியம், ஆள் யாரும் பின்னாடி பைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். விழற பைக்கை பிடிக்க முடியாது, அதுக்கு அடியில மாட்டத்தான் முடியும். ஒரு கிலோமீட்டர் போனதும் ஓரமா நிறுத்தி, இறங்கி, நாலு பெல்ட்டையும் மறுபடி இறுக்கணும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், 2024-ல, ஆபீஸ் நண்பரோட புல்லட்டை பூந்தமல்லியில இருந்து ஆவடிக்கு இப்படித்தான் கொண்டு போனோம். சென்னீர்குப்பம் தாண்டி நிறுத்திப் பார்த்தா முன் பெல்ட் ஒண்ணு ரெண்டு விரல் போற அளவு தளர்ந்திருந்தது. அங்கயே இறுக்கினோம். பருத்திப்பட்டு வழியா ஆவடி போய் சேர்ற வரைக்கும் வண்டி சிலை மாதிரி நின்னது. இறக்கினப்போ மெக்கானிக் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லல, தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு டாக்டர் பட்டம் வாங்கின மாதிரி இருந்தது.

ஊரைவிட்டு ஊர் ரயில்ல அனுப்புறவங்களுக்கு ஒரு வரி. பார்சல்ல போடலாம், ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேணும். டேங்க்ல சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவுல இந்த மாதிரி ஆபத்தான சரக்கை விதியை மீறிக் கொண்டு போனா மூணு வருஷம் வரைக்கும் சிறை உண்டு. விளையாடாதீங்க.

இப்போ என் கட்சிக்கு எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும். "யோவ், ராத்திரி பதினொரு மணிக்கு பைபாஸ்ல பெட்ரோல் தீந்து நிக்கிறவன் குட்டி யானைக்கு எங்க போவான்? தெரியாத ஒருத்தன் நிறுத்தி, 'எங்க போகணும் பாஸ், காலை வெக்கட்டா?'ன்னு கேக்கறானே, அது எவ்ளோ பெரிய மனசு! அதையும் வேண்டாம்னு சொல்றியா?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாம இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்ல. அந்த மனசு இருக்கே, அதுதான் இந்த ஊரோட அழகு. 2015 வெள்ளத்துலயும் 2023 வெள்ளத்துலயும் நம்மைக் காப்பாத்தினது அந்த மனசுதான். மச்சானுக்கும் அன்னிக்கு இருந்தது அதேதான். அந்த மனசை நிறுத்தச் சொல்லல, காலை மட்டும் எடுக்கச் சொல்றேன். பெட்ரோல் தீந்தவனை உங்க வண்டியில பின்னாடி ஏத்திக்கிட்டு பங்க்குக்கு கூட்டிட்டுப் போங்க. வண்டி நின்னவனோட சேர்ந்து இறங்கி, வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடம் வரைக்கும் ரோட்டோரமா நடந்து தள்ளுங்க. இண்டிகேட்டரைப் போட்டு பின்னாடி நில்லுங்க. பொண்ணுங்க தனியா நின்னா வீட்டுக்கு போன் பண்ற வரைக்கும், ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. ஒரு வாட்ச்மேன் இருக்கிற இடத்துல வண்டியைப் பூட்டிட்டு வர உதவுங்க. வண்டி ஒரு ராத்திரி ரோட்டுல நின்னா செத்துடாது. இதையெல்லாம் செய்ய டோ அடிக்கிறதைவிட நேரம் கொஞ்சம் அதிகம் ஆகும். அந்த நேரம்தான் உண்மையான உதவி.

இன்னொண்ணு, முன்னெல்லாம் தள்ளிவிட்டா வண்டி ஸ்டார்ட் ஆகும். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த பிறகு பெரும்பாலான பைக்கு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன். பேட்டரி சுத்தமா செத்துப் போச்சுன்னா எவ்ளோ தூரம் தள்ளினாலும் உயிர் வராது. எலக்ட்ரிக் வண்டி இன்னும் தினுசு. பின்சக்கரத்துலயே மோட்டார் இருக்கிற ஸ்கூட்டரை வேகமா தள்ளினா மோட்டாரும் சேர்ந்து சுத்தும். கையேட்டைப் படிக்காம கையும் வெக்காதீங்க, காலும் வெக்காதீங்க. ஆக, இனிமே ஏத்திட்டுப் போறதுதான் வழின்னு ஆகிட்டு வருது. அதுக்கு நாம தயாரா இருக்கோமா?

என் இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரிச்சுப் படிச்சேன். சேதமான வண்டியை பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வர அதிகபட்சம் 300 ரூபாய்! 2002-ல இந்தியா மோட்டார் டாரிஃப்ல எழுதின வாசகம். காருக்கு 1,500. இரு சக்கர வண்டிக்கு 300. இன்னிக்கு 300 ரூபாய்க்கு குட்டி யானை தும்பிக்கையைக் கூடத் தூக்காது. தனியா பணம் கட்டி சாலை உதவின்னு ஒரு சேர்க்கை வாங்கலாம்தான். வாங்குறவங்க அதுல இரு சக்கர வண்டியை ஏத்திட்டுப் போவாங்களா, எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்னு கேட்டு வாங்குங்க. ஆனா அடிப்படைப் பாலிசியில இருக்கிற அந்த 300-ஐ மாத்தணும்னு யாரும் கேக்கல. இந்த ஊர்ல ரோடு முழுக்க ஓடுறது பைக்தான். நாம கேக்காம யார் கேப்பாங்க?

என் கோரிக்கை பெருசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு மெக்கானிக் கடையிலயும் ஒரு பலகை, நாலு பெல்ட் இருக்கட்டும். வாடகைக்குக் கொடுக்கட்டும். குட்டி யானை ஸ்டாண்டுல ரெண்டு டிரைவருக்காவது பைக் கட்டத் தெரிஞ்சிருக்கட்டும். லைசென்ஸுக்கு 8 போடச் சொல்றாங்களே, அந்த மைதானத்துல நின்னு போன வண்டியை என்ன பண்ணணும்னு அஞ்சு நிமிஷம் சொல்லிக் கொடுக்கட்டும். நம்ம பங்குக்கு நாம, நாலு பேர் இருக்கிற தெருவுல சேர்ந்து ஒரு செட் பெல்ட் வாங்கி வெக்கலாம். குடும்பத்தோட ஓட்டல்ல ஒரு வேளை சாப்பிடுற காசுதான்.

அப்பாவோட ஸ்ப்ளெண்டர் இப்போ ஓடுது. ஆயில் பால் மாதிரி வெளிய வந்தது, மூணு தடவை மாத்தி, வயரிங் பாதி மாத்தி, உயிர் கொடுத்துட்டார் அண்ணன். டேங்க்ல இருந்த பள்ளத்தை மட்டும் சரி பண்ண வேண்டாம்னுட்டேன். தினமும் பார்க்கணும் எனக்கு.

மச்சான் மறுபடி டெலிவரிக்குப் போறான். மழைக் காலத்துல மட்டும் லேசா தாங்கித் தாங்கி நடக்கிறான். போன மாசம் ராத்திரி பாடி பக்கம் ஒருத்தர் வண்டி நின்னு போய் தள்ளிட்டு வந்திருக்கார். இவன் நிறுத்தியிருக்கான். அவரே கேட்டாராம், "தம்பி, கொஞ்சம் காலை வெச்சு விடறியா?" இவன் வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு இறங்கி, "இல்லண்ணா, கையை வெக்கறேன்"னு சொல்லி முக்கால் கிலோமீட்டர் கூடவே நடந்து தள்ளியிருக்கான். ஆர்டர் லேட் ஆகி திட்டும் வாங்கியிருக்கான்.

அதை என்கிட்ட சொல்லிட்டு, "கால் வலிச்சுது மாமா, ஆனா நல்லாருந்துச்சு"ன்னான்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல, பட்டவன். கட்டுற முறையில இதைவிட நல்ல யோசனை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, பதிவுலயே சேர்த்துடறேன். டோ அடிச்சு ஒண்ணும் ஆகாம தப்பிச்ச வீரக் கதைகளும் வரவேற்கப்படும். ஆனா படிச்சுட்டு உங்க வீட்டு தங்கமணி, ரங்கமணி யாராவது திட்டினா கம்பெனி பொறுப்பில்லை.